அர்த்தநாரி கடையில் இருக்கிற போன்

ஜூன் 3, திங்கள்

அப்புக்குட்டி, காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. ஒரு இலை அசையவில்லை. உன் பாலிடெக்னிக் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் உன் எழுத்து, அதைத் தொடமாட்டேன். ஐந்தாவது வரை படித்த உன் அம்மா எழுதுகிறேன், பிழை இருக்கும்.

பைபாஸில் அந்த லாரி உன்னை அடித்து இன்றோடு பத்தொன்பது நாள். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன் அப்பா நேற்றே போர்வெல் ரிக் வண்டிக்குத் திரும்பிவிட்டார். சத்தீஸ்கர் பக்கம் போர் போடுகிறார்களாம். போகும்போது, "எதுன்னாலும் அண்ணன் சொல்றபடி கேட்டுக்க" என்று உன் பெரியப்பாவைக் காட்டிவிட்டுப் போனார். வந்த ஆத்திரத்தில் நான் வாசல் வரைகூடப் போகவில்லை.

நோட்டின் நடுப்பக்கத்தில் உன் தங்கச்சிக்கு நீ போட்ட திட்டம். என் கையால் ஒருமுறை எழுதினால் எனக்குப் பிடிபடும் என்று எழுதுகிறேன்.

பத்தாவது முடிந்ததும் பாலிடெக்னிக். கம்ப்யூட்டர்தான். மூன்று வருடம்.
முதல் வருடக் கணக்கில் அரியர் விழக்கூடாது. (அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.)
மூன்று வருட மார்க்கை வைத்து லேட்டரல் எண்ட்ரி. அதாவது இன்ஜினியரிங் காலேஜில் நேராக இரண்டாம் வருடம்.
பிளஸ் டூ படித்துவிட்டு வருகிறவர்கள் வாங்கும் அதே டிகிரி.

கடைசியில், "கோகி, நான் முன்னாடி போய்ச் சேர்ந்து எப்படி இருக்குன்னு சொல்றேன்."

நல்லாச் சொன்னாய்.

மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நானும் கோகிலாவும். அங்கே இருக்கிற பெண் பெயர் சுமதி. கோகிலாவின் பத்தாவது பரீட்சை நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, இந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே பாலிடெக்னிக் அப்ளிகேஷன் போட்டிருக்குதே. ரிசல்ட் வந்த அன்னிக்கே போட்டிருக்குது. பாதியில நிக்குது."

நீதான். எங்களிடம் சொல்லக்கூட இல்லை.

"பரவால்ல கண்ணு, நீ புதுசா ஒண்ணு போட்டுடு."

"அப்படிப் போட முடியாதுங்க்கா. ஒரு புள்ளைக்கு ஒருக்காதான். அந்த போன் நம்பருக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னாத்தான் உள்ளேயே உடும். சனிக்கிழமை கடைசிங்க. போனு ஊட்ல இருக்குதுங்களா?"

கோகிலா என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே எழுதிவிடுகிறேன். உன் போனை வீட்டைவிட்டுக் கொடுத்தனுப்பியது, எல்லோரும் நினைக்கிற மாதிரி உன் பெரியப்பா இல்லை. நான்தான். நீ போன பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் காலேஜ்காரர்கள். "டிப்ளமோ முடிச்சிட்டீங்களா தம்பி, டைரக்ட் செகண்ட் இயர் எங்ககிட்ட சேருங்க." உன் நம்பரை யார் கொடுத்தார்களோ, ஒரு நாளைக்கு ஆறு பேர், ஏழு பேர். காரியத்தன்று உன் துணிமணி, பாய், தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, சடங்கு செய்த சலூன்கார அர்த்தநாரியிடம் கொடுக்க எடுத்து வைத்தார்கள். அப்போதும் அடித்தது. உன் நீலச் சட்டைக்குள் சுற்றி, மூட்டைக்குள் திணித்தேன். தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

தவிடு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

மேகம் இருந்தது, மழை இல்லை.

அதே நம்பரில் புது சிம் வாங்கலாம் என்று சுமதி சொன்னாள். சங்ககிரி போனோம். ஏசி போட்ட கடை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் ஆதாரைக் கேட்டான். உன் ஆதாரைக் கொடுத்தேன்.

"இவர் பேர்லதான் சிம் இருக்குதுங்க. கைரேகை வைக்கணும். அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

"வரமாட்டான்."

"ஒரு அஞ்சு நிமிஷ வேலைதாங்கம்மா. லீவு அன்னிக்கு வரச் சொல்லுங்க."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று மெதுவாக ஏதோ சொன்னான். அதெல்லாம் வாங்க ஒரு மாதம் ஆகும். எனக்கு இருப்பது மூன்று நாள். கோகிலா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் பெரியப்பா. காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு,

"ஏம்மா, அந்தப் போனைத் திருப்பி வாங்கப் போறியாமா?"

"ஆமாங்க மாமா. புள்ளைய பாலிடெக்னிக் சேர்க்கணும்."

"கருமாதியில கொடுத்ததை யாராச்சும் திருப்பி ஊட்டுக்குள்ள கொண்டாருவாங்களா? ஒண்ணு போனது பத்தாதா? இன்னொண்ணு இருக்குது பாரு, அதை நெனச்சுப் பாரு."

கோகிலா அடுப்படியில்தான் இருந்தாள். அவள் காதில் விழவே சொன்னார்.

"கம்ப்யூட்டரு கிம்ப்யூட்டரெல்லாம் பொட்டப்புள்ளைக்கு எதுக்கு? பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் போட்டுடு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நல்ல எடம் பார்த்துக்கலாம்."

"அவன் எழுதி வெச்சிருக்கறானுங்க மாமா."

"அவன் எழுதினான். அவன் எங்க இப்ப?"

டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மூத்தவர் முன்னால் அப்படி நான் எழுந்து போனது இந்த இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல்முறை. போகட்டும்.

கோகிலா இரவு சாப்பிடவில்லை. பயமா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ போய் வாங்கிட்டு வா" என்றாள். உன் குரல் மாதிரியே இருந்தது. எரிச்சலாக வந்தது.

ஜூன் 6, வியாழன்

அர்த்தநாரி சலூன். பொம்பளைகள் ஏறாத வாசல்படி. வெளியிலேயே நின்றேன். உள்ளே இரண்டு பேர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, கையில் கத்தியோடு அப்படியே வெளியே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, வெயில்ல நிக்கறீங்க? சொல்லி உட்டிருந்தா நான் வந்திருப்பனே."

உன் பெரியப்பாவைவிட மூத்தவர். நம் வீட்டில் எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இன்று எனக்கு வாயில் "அண்ணா" என்று வந்தது.

"அந்தப் போன் வேணும்ணா."

அவர் கத்தியை மடக்கினார்.

"கொடுத்ததைத் திருப்பித் தாரது ஆகாதுங்க அம்மணி. எனக்கொண்ணும் ஆகாது. உங்க ஊட்டுக்குத்தான் ஆகாது. நாளைப்பின்னி ஒண்ணுன்னா அந்தப் பேரு என்ற தலையில வந்து நிக்கும்."

"எனக்கு இன்னும் என்ன ஆகணும்ணா?"

உள்ளே போய் எடுத்து வந்தார். திரை வெளிச்சமாக இருந்தது. உன் பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறார்.

"தினமும் சார்ஜ் போட்டுடறனுங்க. அணைய உட மனசு வல்லை. காலேஜ்காரங்கதான் கூப்பிட்டுட்டே கெடக்கறாங்க. தம்பி வெளியூர் போயிருக்குதுன்னு சொல்லிட்டு வாரேன்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க? செத்துட்டான்னு சொல்லுங்க! செத்துட்டான், இனிமேல் கூப்பிடாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே!"

சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் எட்டிப் பார்த்தான். அர்த்தநாரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு அந்த வார்த்தை வல்லீங்க அம்மணி. மொதல் முடி எறக்குனதே நான்தானுங்களே அதுக்கு."

அதற்கப்புறம் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அங்கேயே நின்று, கோகிலாவின் பதிவையும் ஓடிபியையும் சொன்னேன். அவர்தான் யோசித்துச் சொன்னார்.

"நான் தர வேண்டாம், நீங்க வாங்க வேண்டாம். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு நானே எடுத்துட்டு வாரேன். நம்பரு வந்தாப் படிச்சுச் சொல்றேன். போனு என்ற கையிலயே இருக்கட்டும்."

தவிடு வாங்கினேன்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் தூறல், மண் நனையவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அர்த்தநாரி அண்ணன் மொபெட்டில் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "ஏழு. சைபர். ரெண்டு. மறுக்கா ரெண்டு." சுமதி தட்டினாள். திறந்துகொண்டது.

பேர், அப்பா பேர், ஊர், பின்கோடு எல்லாம் நீ போட்டு வைத்திருந்தாய். என் பேரைக்கூடச் சரியாக, இன்ஷியலோடு. பாடம் என்ற இடத்தில் முதலாவது கம்ப்யூட்டர். காலேஜ் மட்டும்தான் குறிக்கவில்லை. கோகிலா மூன்று சொன்னாள். முதலாவது நீ படித்தது. "அண்ணன் உக்கார்ந்த கிளாஸ்" என்றாள். போடு என்றேன்.

அப்போது பார்த்து உன் பெரியப்பா. யார் போய்ச் சொன்னார்களோ.

"கடைசியில வாங்கிட்டியா அதை?"

"வாங்கலீங்க மாமா. வாசல்ல பாருங்க, அவர் கையிலதான் இருக்குது."

திரும்பி அர்த்தநாரியைப் பார்த்தார். அவர் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, என்ற கையிலதானுங்க" என்றார். சுமதி சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதற்கு அப்பாவிடமிருந்து போன் வரும். வரட்டும். நானும் பேச வேண்டியது நிறைய வைத்திருக்கிறேன்.

முடிக்கும்போது இன்னொரு ஓடிபி. படித்தார். பதிவு ஆகிவிட்டது. சுமதி தாளில் எடுத்துக் கொடுத்தாள். கோகிலா கையெழுத்துப் போட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது அர்த்தநாரி அண்ணன், "அம்மணி, இன்னொண்ணும் வந்திருக்குதுங்க. தம்பி காலேஜ்ல இருந்து. ரிசல்ட்டுன்னு போட்டிருக்குது" என்றார்.

வேண்டாம் என்றேன். கோகிலா கேட்கவில்லை. இந்த நோட்டின் அட்டையில் இருந்த உன் பரீட்சை நம்பரைச் சுமதியிடம் கொடுத்துவிட்டாள்.

கடைசி வருடம் எல்லாப் பாடமும் பாஸ். இரண்டில் தொண்ணூறுக்கு மேல். அரியர் ஒன்றுகூட இல்லை. இத்தனையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் அந்த ரோட்டில் போனாயா. அடிக்கக் கை வருகிறது எனக்கு, அடிக்க நீ இல்லை.

லேட்டரல் எண்ட்ரிக்கும் இப்போது பதிவு நடக்கிறதாம். பக்கத்து மேசையில் ஒரு தாய் தன் பையனோடு உட்கார்ந்து காலேஜ் பேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது தூரம், அது வேண்டாம் என்று அவனோடு சண்டை வேறு. நான் உன் மார்க் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மார்க்குக்கு உனக்கு எந்தக் காலேஜ் கிடைத்திருக்கும், சாமி?