மிச்சம் வைக்கச் சொன்ன சத்தம்

இத்தனை நாள் வாய் மூடி இருந்தது போதும், மாப்பிள்ளை.

இன்று விடியற்காலையில் உங்கள் பைக் எங்கள் தெரு வழியாகப் போனது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல அதே பழைய சத்தம். பால் வாங்கக் கிளம்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். வண்டியை நிறுத்தி, “மச்சான், காப்பி ஆச்சா?” என்று கேட்கப்போகிறீர்கள் என்று ஒரு கணம் நம்பினேன். ஓட்டிப்போனது உங்கள் தம்பி. செயினை இறுக்கிப் பிடிக்க நான் மாட்டியிருந்த டென்ஷனர்களை, இஞ்சினைச் சரிசெய்தபோது அவர் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பழையவற்றையே மறுபடி மாட்டியிருக்கிறார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் ஒரு தீர்ப்புதான்.

குவைத்திலிருந்து வந்த கையோடு அந்த இரட்டை சிலிண்டர் பைக்கைப் பழையதாக வாங்கினீர்கள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தும் மச்சான் அடுத்த தெருவில் இருக்கிறேன். வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் வந்த பிறகு வந்தீர்கள்.

“காலையில ஸ்டார்ட் பண்ணுனா தெருவே எந்திரிச்சிருதுங்க மச்சான். ஒங்க பொஸ்தகத்துல இதுக்கு மருந்து ஏதும் போட்டிருக்கா?”

உங்கள் கேலி எனக்குப் பழக்கம். கல்யாணத்தன்று என் பழைய ஸ்கூட்டரைப் பந்தலுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னவர் நீங்கள். நான் எதையும் மறப்பவனில்லை. ஆனாலும் தங்கை வீட்டு வண்டி என்று செய்தேன். இரவெல்லாம் நிற்கும் வண்டியில் ஆயில் இறங்கிவிடுகிறது. திரும்ப ஏறும்வரை இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொய்ந்து அடிக்கிறது. ஆயிலை நம்பும் டென்ஷனர்களுக்குப் பதில் கையால் திருகி வைக்கும் டென்ஷனர்களை வரவழைத்து, ஒரு ஞாயிறு முழுவதும் உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டினேன். தேநீர் கொண்டுவந்த தங்கை, நான் ஸ்பேனரால் முறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் போன பிறகுதான் உங்களிடம் சொன்னேன்:

“லேசா ஒரு சத்தம் மிச்சம் இருக்கணும் மாப்பிள்ளை. சூடானா இஞ்சின் விரியும், செயின் தானா இறுகும். அந்தச் சத்தத்தையும் கொன்னுட்டா செயின் அறுந்துரும்.”

“மிச்சம் வைக்கிறதுக்குப் பேரு வைத்தியமா?” என்று சிரித்தீர்கள்.

சில நாள் கழித்து கல்லூரிக்கு போன் செய்தீர்கள். “நானே ஒரு திருப்பு திருப்பிட்டேன் மச்சான். வண்டி ஓடுதான்னே தெரியல.” உடனே தளர்த்தச் சொன்னேன். “பயப்படாதீங்க வாத்தியாரே” என்று வைத்துவிட்டீர்கள்.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தேன். வாசலில் வண்டி இல்லை.

“இப்பத்தாண்ணே புதுக்கோட்டைக்குக் கெளம்புனாங்க,” என்றாள் தங்கை. “சத்தமே இல்ல, எல்லாம் மச்சான் கைவண்ணம்னு ஒங்களத்தான் பாராட்டிக்கிட்டே போனாங்க.”

வாழ்நாளில் என்னை ஒரே ஒரு முறை பாராட்டினீர்கள். அதுதான் என் தலையில் விழுந்தது.

அந்தச் சாலையிலேயே செயின் அறுந்தது. இஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, நீங்கள் விழுந்தீர்கள். காரியத்தன்று, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு தங்கை முன் நின்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க முறுக்குனதுதானண்ணே. எடுத்துக்கிட்டுப் போங்க.”

அந்த போனைப் பற்றி அங்கேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு இருந்த உங்களை அவள் முன் முட்டாளாக்க மனம் வரவில்லை. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் கல்லூரி ஷெட்டில் ஏதாவது இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடினால் எனக்கு வியர்க்கிறது. கை தானாகப் போய் அணைத்துவிடுகிறது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.

உறைமேல் உங்கள் பெயரையும் உங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டேன். பிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். இதை அனுப்புவது நியாயமா, வஞ்சமா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் கீழே என் பெயரைப் போட்டால், பதில் கொடு என்று அவள் வாசலில் போய் நிற்பதாகிவிடும். ஒருமுறை நின்றது போதும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.