வலப்பக்கக் கதவு

என்னவனே,

நேற்று, காரில் கட்டி இழுத்துப் போகும் கேரவன் வண்டிகள் விற்கும் கடையில் நான் மெத்தையில் படுத்துப் பார்த்தேன். நம் கார் இழுக்கும் எடைதானா என்று கேட்டேன். நீ பார்த்தது கதவை மட்டும்.

"இது ஜெர்மன் வண்டி சார், கதவு வலப்பக்கம். இங்கிலாந்து வண்டிக்கெல்லாம் இடப்பக்கம்தான். மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார் கடைக்காரர்.

"அவளுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன!" என்று சிரித்தாய்.

விடுமுறைக்கு நாம் போய்த் தங்கும் விட்பி முகாமில் எல்லா வண்டிகளும் ஒரே திசை பார்த்துத்தான் நிற்க வேண்டும். நமக்கு வலப்பக்கம் ரொவீனாவின் வண்டி. உன் ஜோக்குக்கெல்லாம் என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பவள். இதுவரை அவள் வாசலுக்கு எதிரே நம் பழைய வண்டியின் சுவர் இருந்தது. இனி நம் வாசல் இருக்கும்.

இன்று கையெழுத்துப் போட்டுவிடு, தடுக்க மாட்டேன். ஆனால் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்காரப்போவது நான்.

இப்போதைக்கு,
உன் மனைவி