அம்பு நின்ற தேதி

ஜனவரி 18, ஞாயிறு. கிட்வாய் நகர்.

என் கிறுக்குக்கு இன்று சரியான செருப்படி.

காகிதச் சக்கரங்கள் சேர்ப்பவள் நான். இரண்டு வட்ட அட்டை, நடுவில் ஒரு குமிழ். திருகினால் ஊர்களுக்கு இடையே தூரம், வயலுக்கு உர அளவு என்று ஏதாவது சொல்லும். எதையும் நான் திருப்புவதில்லை. கடைசியாகத் தொட்டவர் விட்ட இடத்திலேயே வைத்துவிடுவேன்.

காலையில் பழைய பேப்பர் எடுக்கும் கபாடிக்காரரிடம் ஒன்று கிடைத்தது. பிரசவ டாக்டர்கள் வைத்திருப்பது. கடைசி மாதவிலக்குத் தேதியில் ஓர் அம்பை வைத்தால், இன்னொன்று குழந்தை பிறக்கும் தேதியைக் காட்டும். கிடைத்த குஷியில் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். கரு கலைந்ததிலிருந்து மகள் மது எங்களோடுதான் இருக்கிறாள். அது எனக்கு உறைக்கவேயில்லை. பெற்றவளாம்!

வந்து பார்த்தால் அவள் கையில் சக்கரம்.

"சும்மா பழைய அட்டைடி. இங்க குடு."

"அச்சா இருக்கும்மா," என்று மேஜையில் வைத்தாள். "சரோஜினி நகர் போகணும்னியே, ஜல்தி கிளம்பு."

கடைத்தெருவில் கூடவே நடந்தாள். ஸ்வெட்டருக்குப் பேரம்கூடப் பேசினாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போதுதான் சக்கரத்தை எடுத்தேன். காலையில் பிரசவ அம்பு ஜூனில் நின்றது. இப்போது ஜனவரி 18இல் நிற்கிறது.

பிறந்திருக்க வேண்டிய நாள். வீட்டில் யாருக்கும் நினைவில்லை, அவளைத் தவிர.

ஜூனுக்கே திருப்பிவிடலாமென்று விரலை வைத்தேன். முடியவில்லை. அவள் விட்ட இடத்திலேயே அலமாரியில் வைத்தேன்.

மது அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்க் கதவைத் தட்டி என்ன சொல்ல?