ஐந்தாவது இடம்

மார்ச் 3

அன்புள்ள பூட்டுச் சாமியாருக்கு,

எதை எடுத்தாலும் பூட்டுப் போடு என்று உபதேசிக்கும் உனக்கு, உன் தங்கை வாலு எழுதுவது. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்கும் சேர்த்துக் கேட்க வைப்பாள். அதனால்தான் தபால். யாரும் வேவு பார்க்காத வழி, மெச்சிக்கொள்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர். உன் மூளைக்கு இதுவே தாராளம். அப்பாவின் மெயிலை அந்தப் பெரிய கம்பெனியிடமிருந்து பெயர்த்து, நீ சொன்ன இடத்தில் குடிவைத்தாயிற்று. "அவனும் ஓசி, இவனும் ஓசி. என்னம்மா வித்தியாசம்?" என்றார். "அவன் ஓசில குடுத்துட்டு நம்மள உத்துப் பாப்பான்பா. இவங்க எப்படிச் செஞ்சோம்னு நம்மளப் பாக்க விடுவாங்க" என்றேன். உன் வசனம்தான். உரிமைத் தொகை கேட்காதே, நீதான் எல்லாவற்றையும் திறந்து வைக்கிற கட்சியாயிற்றே.

ஒரே சிக்கல். அந்தக் கம்பெனியில் நமக்கிருக்கும் பழைய குடும்பக் கணக்கை மூட, அதில் உள்ள ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டுமாம். நாம் நாலு பேர்தானே என்கிறாயா? "ஓர் இடம் காலியாக உள்ளது, அன்புக்குரியவரைச் சேருங்கள்" என்று அந்தக் கம்பெனி தினமும் நச்சரித்தது. போன வருஷம் கடுப்பில் நானே ஒரு ஆளை உண்டாக்கிச் சேர்த்துவிட்டேன். பெயர் கேட்டது, 'சும்மா' என்று போட்டேன். முகம் கேட்டது, உன் சின்ன வயசுக் கண்ணையும் என் மூக்கையும் ஒட்டிக் கொடுத்தேன். உன் காதைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை, பாவம் அந்த ஆள்.

நாம் நாலு பேரும் சரி சொன்னோம் இல்லையா? நேற்று பதில் வந்தது: 'சும்மா மறுத்துவிட்டார்.'

அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எனக்கே மறந்துவிட்டது. பிறகு யார் மறுத்தது?

உன்,
வாலு

மார்ச் 11

வாலு,

முதலில் அந்தப் பட்டப்பெயரை விடு. அறைத்தோழன் உறையைப் பார்த்துவிட்டு, என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறான்.

பதில் வராவிட்டால் 'மறுத்துவிட்டார்' என்று இயந்திரமே போட்டுக்கொள்ளும். இதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. என் அலாரத்தில் அப்பாவின் குரலைப் பதிந்து வைத்தவள் நீ. உன் கடிதத்தில் ஒரு வரிகூடக் கிண்டல் இல்லாமல் என்றைக்கு இருக்கிறதோ, அன்றைக்கு நம்புகிறேன்.

போட்டோக்களை எல்லாம் பெட்டியில் ஏற்று. நெட் ஒயரைப் பிடுங்கிவிடு. முகம் பார்த்துப் பிரிக்கச் சொல். அந்தக் கம்பெனிக்குத் தெரிந்த எதுவும் இந்தப் பெட்டிக்குத் தெரியாது. நம் நாலு பேர் முகம்தான் வரும். பார்த்துவிட்டு நிம்மதியாக இரு.

அண்ணன்

மார்ச் 19

சாமியாரே,

ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கியதை என் பையிலேயே வைத்திருக்கிறேன். பெட்டி முகங்களைப் பிரித்தது. அம்மா, அப்பா, நான், அப்புறம் காதும் காதைச் சார்ந்த இடமுமாக நீ.

ஐந்தாவதாக ஒரு கட்டம். கீழே 'இவர் யார்?' என்று கேட்கிறது.

நீ சைக்கிள் ஓட்டப் பழகும் படத்தில் ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் சின்னதாக. என் பள்ளி விழாப் படத்தில் கதவோரம், கொஞ்சம் வளர்ந்து. நாம் வளர வளர அதுவும் வளர்ந்திருக்கிறது. உன் கண், என் மூக்கு. போன வாரம் அம்மா எடுத்த படத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. அந்த முகத்தை நான் ஒட்டியது போன வருஷம்தானே? பத்து வருஷத்துப் பழைய படத்துக்குள் எப்படிப் போனது?

அம்மாவிடம் காட்டினேன், அலறுவாள் என்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான விழுந்திருக்கு. எங்க ஆளையே காணோம், சாப்பிடக் கூப்பிடு" என்றாள்.

சிரிப்பு வரவில்லை. உன் காதை நினைத்தும் வரவில்லை, பார்த்துக்கொள். சத்தியமாக இது விளையாட்டில்லை. லீவு போட்டு வாடா.

வாலு

மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். முன்பு எழுதியவை யாவும் விளையாட்டே. மன்னிக்கவும். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை.

பெட்டியை எடுத்து வைத்துவிட்டோம். பழைய கணக்கே வசதியாக இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் நால்வரும் நலம்.

தாங்கள் வெளியேறியதால் ஓர் இடம் காலியாக உள்ளது. விரைவில் சேர்ந்துகொள்ளவும்.

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 2

வாலு,

கிண்டல் இல்லாத கடிதம் வந்தால் நம்புவேன் என்று எழுதியிருந்தேன். வந்துவிட்டது. அதில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை.

கையெழுத்து உன்னுடையதுதான். வளைவு, அடித்தல், எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை 'தாங்கள்' என்றதில்லை. நான் இங்கே இருக்கும்போது வீட்டில் மூன்று பேர்தான். நால்வர் யார்?

உன் முந்தைய கடிதத்துக்கு உடனே கிளம்பியிருக்க வேண்டும். இதுவும் உன் சேட்டை என்று உட்கார்ந்துவிட்டேன். லீவு கேட்டேன், தரவில்லை, தராமலே கிளம்புகிறேன். ரயிலில் இடம் கிடைக்க நாலைந்து நாள் ஆகும், விரைவுத் தபாலில் போடுவதால் இது எனக்கு முன்னால் வந்து சேரும். உன் கைக்குத்தான் சேருமா, தெரியாது.

வந்து கதவைத் தட்டுவேன். திறக்கும் முன் உள்ளேயிருந்து ஒரு தடவை என்னைத் திட்டு. காதைப் பற்றி, மூளையைப் பற்றி, எதுவானாலும் சரி, வாய்க்கு வந்தபடி. குரல் வரவில்லை என்றால் பானையையாவது போட்டு உடை.

"வாங்க அண்ணா" என்று யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். ஆனால் உன்னைக் கூட்டிக்கொள்ளாமல் திரும்ப மாட்டேன்.

பூட்டுச் சாமியார்