ஒரு சுற்றுக்காக மூன்று நாள் தீட்டு

வைகாசி 9

காலையிலேயே புழுக்கம். பள்ளி விடுமுறை. பழைய கார் பந்தய வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் கடையிலிருந்து வந்தது. கடைக்காரர் சிரிப்பு: "இன்னா சார், இன்னுமா இத்த வச்சிக்கினு ஆடிக்கினு இருக்கீங்க? பசங்களே போனுக்குப் போய்ட்டாங்க."

வயது 44. கணக்கு வாத்தியார். இருந்தும் அதே மலைப்பாதை, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஏன் அலுக்கவில்லை? விளம்பரம் கிடையாது. எதையும் வாங்கச் சொல்வதில்லை. பிரேக் கொஞ்சம் தாமதமானால் பள்ளம். தப்பு முழுக்க என்னுடையது, உடனே மறுபடி ஓட்டலாம். வெளியில் அப்படி எங்கே?

ஒரு சுற்றுக்கு இதுவரை என் சிறந்த நேரம் 1:14.6.

நாளை மறுநாள் கருட சேவை. விடியற்காலை மூன்றரைக்கே கோஷ்டியில் நின்று, ஊர் முழுக்க நடந்து பாசுரம் சேவிக்க வேண்டும். சாயங்காலம் கோஷ்டிப் பெரியவருக்கு போன். வாயில் வந்ததைச் சொன்னேன்: நாக்பூரில் தூரத்துத் தாயாதி ஒருவர் காலமானார், மூன்று நாள் தீட்டு, கோயிலுக்கு வர முடியாது. "அடடா, ஸ்நானம் பண்ணிடுப்பா" என்றார்.

மனைவி வைதேகியிடமும் அதே பொய். பாவம், அவளும் தலைக்குக் குளித்துவிட்டு, பெருமாளுக்கு விளக்கேற்றாமல் இருக்கிறாள்.

வைகாசி 10

1:13.9!

பத்து மணிக்குப் பெரியப்பா பிள்ளை சம்பத் அண்ணா புனேயிலிருந்து வந்து இறங்கினார். இந்த வருஷம் கோஷ்டியில் பாசுரம் ஆரம்பிக்கும் பாக்கியம் அவருக்கு. மூன்று மாதமாக போனில் என்னிடம் அந்தப் பாசுரத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வாசலிலேயே: "பெரியவர் கூப்பிட்டார்டா ரகு. உனக்குத் தீட்டுன்னா எனக்கும்தானே. ஒரே வம்சம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. தாயாதி என்றால் அண்ணாவும் சேர்த்தி என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? மூளையெல்லாம் வளைவில்.

கட்டின வேஷ்டியோடு கிணற்றடியில் குளித்தார். துவட்டிக்கொண்டே, "போனவர் பேர் என்னடா? நன்னா வாழ்ந்தாரா?"

"ரங்கநாதன். நன்னா வாழ்ந்தார்ணா."

அப்போதே சொல்லியிருக்கலாம். வைதேகி பக்கத்தில் நின்றாள். வெட்கம்.

அதற்கப்புறம் இன்று ஆடவில்லை. (சாயங்காலம் இரண்டு சுற்று மட்டும்.)

வைகாசி 11

மேளம். கருடன் மேல் பெருமாள் எங்கள் தெருமுனையைக் கடந்தார். பாசுரம் ஆரம்பித்தது வேறு ஒருவர். அண்ணா ஜன்னலுக்கு உள்ளேயே நின்றார், வெளியே போகவில்லை. உதடு மட்டும் கூடவே அசைந்தது. "ரெண்டாவது அடியில அவசரப்படறான்" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு: "டேய், அந்த கார் ஆட்டத்தைப் போடேன். பொழுது போகணுமே."

இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே மூன்று தடவை மரத்தில் முட்டினார். மூன்றாவது சுற்றில் வாய்விட்டுச் சிரிப்பு. "எவ்வளவு நன்னா இருக்குடா இது!"

என் கை நின்றுவிட்டது.

"அண்ணா, யாரும் போகலை. இதை ஆடத்தான் பொய் சொன்னேன்."

அவர் கார் ஓரமாக நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ நான் போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்ணா."