எலியா சொன்ன 'இல்லை'

அன்புள்ள அண்ணா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அதை வெட்டப் பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டேன். அன்பில்லாமல் யாராவது செத்த ஆளோடு சண்டை பிடிப்பார்களா?

வருகிற ஞாயிறு உன் ஆண்டுத் திவசம். அதற்கு முன் வெள்ளிக்கிழமை, உன் நினைவாகப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பொட்காஸ்டை மறுபடி வெளியிடுகிறார்கள். நீ கேள்வி கேட்க, நான் ஒலியை வெட்டி ஒட்டிய அதே தொடர்தான். எதை முதலில் விடலாம் என்று அண்ணியைக் கேட்டார்களாம். அண்ணி எலியாவின் பகுதியைச் சொல்லிவிட்டார். "அதிலதான் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்" என்கிறார். உன்னுடைய அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்.

இந்தத் தொடரை எதற்குத் தொடங்கினோம்? இந்த நாட்டின் வடக்கே, பனிப் பிரதேசத்தில், கரிபூ மானை எவ்வளவு வேட்டையாடலாம் என்பதை அரசாங்கமும் அந்த மண்ணின் மக்களும் ஒரே குழுவில் இருந்துதான் முடிவெடுக்கிறார்கள். குழுவில் இருக்கிற வேட்டைக்காரர்களும் உன்னைப் போன்ற ஆராய்ச்சியாளர்களும் எப்போதாவது விமானம் ஏறிச் சந்தித்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கட்டும் என்றாய். நல்ல எண்ணம்தான். கேட்க வேண்டிய முதல் ஆள் நீ என்பதைத்தான் மறந்துபோனாய்.

கர்க்லாண்டில் உன் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்றிலிருந்து, குழுவில் இருந்த வேட்டைக்காரர் எலியாவோடு வீடியோவில் கதைத்தோம். "மூன்று குளிர்காலத்துக்கு வேட்டையை நிறுத்த உங்கள் ஊர் ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்டாய். எலியா வாய் திறக்கவில்லை. மூக்கை மட்டும் சுருக்கினார். புருவத்தைத் தூக்கினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. அவருடைய ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த பேச்சு அது. எனக்கு அன்று தெரியாது. அத்தனை முறை வடக்கே போய்வந்த உனக்குமா தெரியாது? நீ குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சரி, அப்போ சம்மதம்" என்று நீயே சொல்லி, சிரித்து, அடுத்த கேள்விக்குப் போனாய்.

பிறகு என்னிடம், "அந்த இடத்தில கனநேரம் சத்தமில்லாமக் கிடக்கு, வெட்டு" என்றாய். வெட்டினேன். கேள்வி முடிந்த கையோடு சம்மதம் வந்து விழுந்தது. அதை அவருடைய ஊர் வானொலியிலும் போட்டார்கள். ஊரைக் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தவன் என்று சொந்தக்காரர்களே எலியாவோடு கதைக்காமல் விட்டார்கள். குழுவிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள்.

மூக்கைச் சுருக்கித் தான் இல்லை என்றுதான் சொன்னதாக அவர் எழுதிய மெயிலை உனக்கு வாசித்துக் காட்டினேன். "மௌனம் சம்மதம் எண்டு சும்மாவே சொன்னவங்கள்?" என்று பகிடி விட்டாய். அது பெண் பார்க்கப் போன இடத்தில், குனிந்த தலை நிமிராமல் இருந்த பெட்டையைக் காட்டி எங்கள் ஆட்கள் தங்களுக்கு வசதியாகச் சொன்ன கதை. அந்தப் பெட்டைகளுக்கே அது பொருந்தியதோ தெரியாது. அதைக் கொண்டுபோய் எலியாவின் தலையில் கட்டினாயே, வெட்கமாக இருக்கவில்லையா?

திருத்தம் போடுவோம் என்று எத்தனை முறை கேட்டேன்? "பேந்து பாப்பம். இப்ப மாத்தினா எனக்கு வேலை தெரியாதெண்டு ஆகிப்போடும்" என்றாய். அந்தப் 'பிறகு' வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. செத்த வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து, வடக்கு மக்களின் நண்பன் என்று உன்னைப் புகழப் புகழ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவனுக்காக ஒழுங்காக அழக்கூட நீ என்னை விடவில்லை.

போன கிழமை எலியாவைக் கூப்பிட்டேன். உன் சாவுக்கு முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு, "உங்கள் அண்ணனைத் திட்ட வேண்டாம். நான் இல்லை என்றேன், அதை மட்டும் சொல்லுங்கள். என் மகள் அதைக் கேட்க வேண்டும்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லவாலில் என் வீட்டு அறையில் இருந்து ஒலிப்பதிவு செய்துவிட்டேன். மூன்று வரிதான். "அந்த இடத்தில் எலியா இல்லை என்றார். சம்மதம் என்று சொன்னது என் அண்ணன். எலியாவின் பதிலை வெட்டி எறிந்தது நான்." உன் குரலுக்கு முன்னால் அது வரும். பல்கலைக்கழகத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அண்ணிதான் கொதித்துப்போய் இருக்கிறார்.

"செத்த மனிசனைச் சந்தியில இழுக்கிறீர் என்ன? அதைப் போட்டால் திவசத்துக்கு இந்தப் படி ஏற வேண்டாம்."

அண்ணியில் பிழை இல்லை. அவரிடம் மிச்சம் இருப்பது உன் சிரிப்பு மட்டும்தான். அதையும் இப்படி ஆக்கிவைத்துவிட்டுப் போனது நீ.

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறிக் கர்க்லாண்டுக்கு வருவேன். கதவு திறக்காவிட்டால் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவேன். அடுத்த திவசத்துக்கும் வருவேன். எத்தனை வருடம் கதவு பூட்டியிருந்தாலும் அந்த மூன்று வரியில் ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன். சத்தியம், அண்ணா.

உன்னில் கோபம் ஆறாத,
உன் ஒரே தங்கை,
வதனி