தேவாரத்து வரனும் கம்ப்யூட்டரில் புகுந்த கிருமியும்

போடிநாயக்கனூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பு அருண்பாண்டிக்கு அம்மா சந்திரவல்லி எழுதிக்கிறது. இங்க நான், உங்க அப்பா, நீ வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர் எல்லாரும் சொகமா இருக்கோம். நீயும் அந்த ஆக்லாந்து ஊருல வேளாவேளைக்குச் சாப்பிட்டு, லிப்ட் மாட்டப் போற எடத்துல கால் வழுக்காம, நல்லா இருக்கணும்னு பரமசிவனை வேண்டிக்கிறேன். கம்ப்யூட்டரையும் சேத்து ஏன் சொகம் சொல்றேன்னு யோசிப்ப, அதுக்குத்தான் இந்தக் கடிதாசியே. போன்ல சொல்லலாம்தான், ஆனா நீ பாதியிலேயே கத்த ஆரம்பிச்சிருவ, நீ கத்துனா எனக்கு மீதிக் கதை மறந்துபோயிரும். இதை இணைப்பா வைக்காம மெயிலுக்குள்ளயே தட்டியிருக்கேன், பயப்படாமத் தெறந்து வாசி. இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது. மலை மெட்டுல மேகம் எறங்கிக் கெடக்கு, ஏலக்கா எடுக்குற சமயம்கிறதால அப்பா திங்கக்கெழம ஜீப்புல ஏறுனா சனிக்கெழமதான் எறங்குறாரு. அவருக்கு முட்டு வலி கொறஞ்சிருக்கு, ஆனா குனிய வேண்டிய சோலி எதுவும் சொன்னா மட்டும் டக்குன்னு கூடிப்போகுது.

நடந்தது இதுதான். நான் வரன் பாத்துக் குடுக்குறது உனக்குத் தெரியும், பயோடேட்டா, ஜாதகம், போட்டோ எல்லாம் வாட்ஸப்புல வரும். போன்ல எழுத்து எறும்பு மாதிரி தெரியுதுன்னு நான் அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல தெறந்துதான் பாப்பேன். போன மாசம் தேவாரத்துல இருந்து சுருளிவேல்னு ஒருத்தர், மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டிருக்கிற சம்சாரி, மகன் லிங்கேஸ்வரன் பயோடேட்டான்னு ஒண்ணு அனுப்புனாரு. பாக்க போட்டோ மாதிரி படம் போட்டிருந்துச்சு. அமுக்குனேன். அனுமதிக்கிறீங்களான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு, அது எப்பவும் எதையாச்சும் கேக்குறதுதானேன்னு சரி போட்டுட்டேன். அவ்வளவுதான்ப்பா, திரை பூராவும் செவப்பாயி, பீப்பீன்னு கத்தி, உங்க கம்ப்யூட்டர்ல ஆபத்தான வைரஸ் இருக்கு, எதையும் அணைக்காதீங்க, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்பா மலையில. கூப்பிட்டுட்டேன். இந்த எடத்துல நீ கத்துவன்னு தெரியும், கத்திட்டு மேல வாசி.

ஒரு பையன் பேசுனான், குரல் நல்லாத்தான் இருந்துச்சு, தமிழ்தான் பேசுனான். அம்மா நாங்க பெரிய கம்பெனி, ஒண்ணும் பயப்படாதீங்க, நான் சொல்ற ஒரு சாப்ட்வேரை எறக்குங்க, இங்க இருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பாத்துச் சுத்தம் பண்ணிக் குடுக்குறேன்னான். எனக்கு வாய் சும்மா இருக்குமா, நம்ம சோலி அப்படி, தம்பி நீங்க எந்த ஊருன்னு கேட்டேன். கம்பெனிலேர்ந்து பேசுறேன்மான்னான். கம்பெனி எந்த ஊருல இருக்குன்னேன். இன்டர்நேசனல்மான்னான். சரி இன்டர்நேசனல்ல ஒக்காந்து பேசுற உங்களுக்குச் சொந்த ஊரு ஒண்ணு இருக்கும்ல, அப்பா என்ன செய்யிறாக, கல்யாணம் ஆயிருச்சான்னேன். அதெல்லாம் எதுக்கும்மா, வெரசா எறக்குங்க, இல்லேன்னா எல்லா பைலும் அழிஞ்சிரும்னு குரலை ஒசத்துனான். ஊரைக் கேட்டா மழுப்பி, வேலையைக் கேட்டா இழுத்து, அதுக்கு மேல கேட்டா கோவப்படுறவனை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன், அப்படிப்பட்ட எடத்துல பொண்ணு குடுக்காதேன்னு நாலு பேருக்குச் சொன்னவ நானு. எறக்குறேன் தம்பி, முதல்ல உங்க குலதெய்வம் எதுன்னு சொல்லுங்கன்னேன். போனை வச்சுட்டான். நான் இன்டர்நெட் வயரைப் புடுங்கிட்டு, கம்ப்யூட்டரையும் அணைச்சுட்டேன்.

அதுக்கப்புறம்தான்ப்பா பயம் புடிச்சுச்சு. என் நகை நட்டா அதுல இருக்கு, ஊருப் பொண்ணுக போட்டோ இருக்கு. பெத்தவங்க என்னை நம்பிக் குடுத்த படம், போன் நம்பரு, வேலை பாக்குற எடம் எல்லாம். அது எவன் கைக்காச்சும் போயி, முகத்தை வெட்டி ஒட்டி ஏதாவது செஞ்சுட்டா நான் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடப்பேன். சோறு எறங்கல. நம்ம மாடியில குடியிருக்காளே கற்பகம், காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிற பொண்ணு, அவ வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா கையப் புடிச்சு இழுத்தாந்துட்டேன். அவ நெட்டை மாட்டாமலே வேற ஒரு பென்டிரைவ் போட்டுப் பாத்துட்டு, அத்தை, அது போட்டோ இல்ல, போட்டோ வேசம் போட்ட புரோகிராம், கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானும் சேந்து எந்திரிக்கிற மாதிரி உள்ள ஒக்காந்திருக்குன்னா. ஏதாச்சும் வெளிய போயிருக்குமா தாயின்னு கேட்டேன். வயரை வெரசாப் புடுங்கிட்டீங்க, அனேகமாப் போயிருக்காது, ஆனா போகவே இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது அத்தைன்னா. அப்படி ஒளிக்காமச் சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு. போட்டோ எல்லாத்தையும் சோதிச்சுத் தனியா ஒரு டிஸ்குல எடுத்து வச்சுட்டு, பழசைச் சுத்தமாத் தொடச்சு, விண்டோஸை முதல்லேர்ந்து போட்டுக் குடுத்தா. பேங்கு, மெயிலு, வாட்ஸப்பு எல்லாத்துக்கும் அவ போன்லேர்ந்து பாஸ்வேர்டு மாத்துனோம். நீ முதல் சம்பளம் வாங்குனப்ப அனுப்புன படம், உங்க அப்பா சிரிக்கிற அந்த ஒரே படம், எல்லாம் பத்திரமா இருக்கு.

அப்பா எறங்கி வந்ததும் சொன்னேன். எல்லாம் சரியாயிருச்சுல்ல, பேசாம விட்டுரு, சொன்னா உன்கிட்ட இனிமே யாரும் வரன் குடுக்க மாட்டாகன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. பொண்ணு வீடு ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டு, இப்படி ஆயிருச்சு, அனேகமா ஒண்ணும் போகல, இருந்தாலும் யாராச்சும் உங்க பிள்ளை போட்டோவை வச்சு வேண்டாத பேச்சுப் பேசுனா பயப்படாம முதல்ல என்கிட்ட சொல்லுங்க, போலீசுல எழுதிக்குடுக்க நானும் கூட வர்றேன்னு சொன்னேன். முக்காவாசிப் பேரு, அட விடுங்க மதினி, நீங்க சொன்னதே பெருசுன்னாக. சிலமலை பொன்னுமணி மட்டும் புடிச்சுக்கிட்டா. எம்மக பவதாரணி படத்தை அழிச்சிருங்க, உங்க வழியா எங்களுக்கு மாப்ளையும் வேணாம், வைரசும் வேணாம்னு வச்சுட்டா. அவ கோவம் நியாயம்தான். அழிச்சுட்டேன். ஆனா அன்னைக்குப் பூரா எனக்கு அழுகையா வந்துச்சு.

அடுத்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன காவல் போடுறதுன்னு ஒரு கூத்து. உங்க ராமர் மாமா ஒரு பென்டிரைவைத் தூக்கிட்டு வந்து, அக்கா இது பெரிய ஆன்டிவைரஸ், முழு வெர்சன், என் சேக்காளி பூட்டை ஒடச்சுக் குடுத்தான், அஞ்சு பைசா செலவில்லைன்னான். கற்பகம் வாங்கிப் பாத்துட்டு, மாமா, பூட்டை ஒடைக்கத் தெரிஞ்சவன் குடுத்த காவலையா வீட்டுக்குப் போடுறதுன்னு கேட்டா, அவன் அசடு வழிஞ்சான். டீ மட்டும் குடிச்சுட்டுப் போனான். தேனியில ஒரு கடைக்காரரு எல்லாம் சேந்த பெரிய ஆன்டிவைரஸ் பாக்கெட்டு ஒண்ணைக் காட்டுனாரு, போட்டுப் பாக்க ஒரு மாசம் இலவசம்னாரு. போட்டுப் பாத்தா, லோடு ஏத்துன ஜீப்பு மெட்டு வளைவுல மொனகுற மாதிரி நம்ம கம்ப்யூட்டர் மொனகுது, போதாததுக்கு அதை வாங்கு இதை வாங்குன்னு மூலையில எட்டி எட்டிப் பாக்குது. எடுத்துட்டோம். அப்ப ரெண்டு மூணு சின்னதாச் சேத்துப் போட்டுருவோமான்னு நான் கேட்டேன். கற்பகம், ஒண்ணை ஒண்ணு திருடன்னு நெனச்சு மல்லுக்கட்டும் அத்தைன்னா. எனக்கு உடனே வெளங்கிருச்சு, ஒரு வரனுக்கு ரெண்டு புரோக்கர் புகுந்தா என்ன ஆகும்னு நான் பாக்காததா. கடைசியில விண்டோஸோடயே வர்ற காவலையே வச்சுக்கிட்டோம், அது போதும்னா, ஆனா அப்டேட்டு கேக்கும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாமப் போடணும்னா. எனக்கு ஒரு சாதாக் கணக்கு போட்டுக் குடுத்துட்டா, புதுசா எதையாச்சும் ஏத்தணும்னா வேற பாஸ்வேர்டு கேக்கும். பைல் பேருக்குப் பின்னால, அது போட்டோவா புரோகிராமான்னு காட்டுற வாலும் இப்பத் தெரியுது. பேருக்குப் பின்னால பி.ஈ.ன்னு போட்டிருந்தா சர்டிபிகேட் காட்டச் சொல்ற நான், இந்த வாலைப் பாக்காம விட்டேன் பாரு.

எனக்கு மலைப்பா இருந்தது எதுன்னா, ஊரு பேரு தெரியாத எடத்துலேர்ந்தெல்லாம் பயோடேட்டா வருமே, அதைத் தெறக்காம இந்தச் சோலியை எப்படிச் செய்யன்னுதான். அதுக்கு சாண்ட்பாக்ஸுன்னு ஒண்ணு போட்டுக் குடுத்தா. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு தனி அறை மாதிரி, சந்தேகப்பட்டதை அங்க வச்சுத் தெறக்கலாம், உள்ள அது என்ன ஆட்டம் ஆடுனாலும் மூடுனதும் எல்லாம் இல்லாமப் போயிருமாம். நாம முதல்ல பொண்ணைக் கோயில்ல வச்சுக் காட்டுறோம்ல, தோதுப்பட்டாத்தான் வீட்டுக்குக் கூட்டியாறோம்ல, அதுதானான்னு கேட்டேன். அதேதான் அத்தை, ஆனா கோயில்லயும் செருப்பு களவு போகும், அதனால உள்ள நெட்டை அணைச்சு வச்சிருக்கேன், பாஸ்வேர்டு எதுவும் அங்க தட்டாதீங்கன்னா. முதல் சோதனையா அந்தத் தேவாரத்துப் பைலையே வாட்ஸப்புலேர்ந்து எடுத்து அதுக்குள்ள தெறந்தா. அதே செவப்பு, அதே பீப்பீ. ஆனா அதுக்குப் பின்னாடி, ஒரு மூலையில, நெசமான பயோடேட்டாவும் எறங்கிக் கெடந்துச்சுப்பா! போட்டோவோட. பையன் மலையில ஏலக்கா ஸ்டோர்ல காய் ஒலத்துற பொறுப்புல இருக்கான், முகத்துல ஒரு வெள்ளந்தி. அங்க வச்சே வாசிச்சு ஒரு காயிதத்துல குறிச்சுக்கிட்டு, அறையை மூடுனோம், எல்லாம் மாயமாப் போச்சு, கம்ப்யூட்டர் கம்முன்னு இருந்துச்சு.

சுருளிவேலுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியல பாவம். ஒரு பிரவுசிங் சென்டர்ல தட்டி வாங்குனதாம், அங்கயிருந்தே இந்தக் கிருமி ஒட்டியிருக்கு. விசயத்தைச் சொன்னதும் சொல்றாரு, ஆத்தா, நாலஞ்சு எடத்துக்கு இதைத்தான் அனுப்புனேன், ஒருத்தரும் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, யானை எறங்குற ஊரு, பொண்ணு குடுக்க யோசிக்கிறாகன்னு நெனச்சோம், பையன் இனிமே எனக்குப் பாக்கவே வேணாம்னு சொல்லிட்டான்னாரு. எல்லாரும் போன்ல தெறந்து பாத்திருப்பாக, அது போன்ல தெறக்காது, என்ன ஏதுன்னு கேக்காம விட்டிருப்பாக. வேணாம்னு சொன்னது பையனை இல்ல அண்ணே, யாரும் அவனை இன்னும் பாக்கவே இல்லைன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

படத்தை அழிச்சாலும் நட்சத்திரம் ஞாபகம் இருந்துச்சு, பாத்தா, பொன்னுமணி மக பவதாரணிக்குப் பொருத்தம் அப்படி அமைஞ்சு கெடக்கு! போன் போட்டா பொன்னுமணி எடுக்க மாட்டாளேன்னு பஸ்சு ஏறி சிலமலைக்கே போயிட்டேன். வாசல்ல என்னைப் பாத்ததும் மொகத்தைத் திருப்புனா. நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். வைரசு அனுப்புன வீட்டுக்கே எம்பொண்ணக் கேக்க வந்தீகளாக்கும்னு கேட்டவளுக்கு, கேட்டு முடிக்கும்போதே சிரிப்பு வந்துருச்சு, எனக்கும் வந்துருச்சு. பரமசிவன் கோயில்ல வச்சுப் பாத்தோம். பவதாரணி வாயாடிப் புள்ள, முதக் கேள்வியே உங்க போன்லயும் வைரஸ் இருக்கான்னு கேட்டாளாம். அந்தப் பையன் தயங்காமப் போனை எடுத்து, பூட்டைத் தெறந்து அவ கையில குடுத்து, நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னானாம். அவ ஒண்ணும் பாக்காமத் திருப்பிக் குடுத்துட்டு அம்மாகிட்ட வந்து சரின்னுட்டா. தையில கல்யாணம்.

நீயும் அங்க சேக்காளிக குடுக்குற பூட்டொடச்ச சாப்ட்வேரு எதையும் போடாதே. படத்தையெல்லாம் ஒரு டிஸ்குல எடுத்துத் தனியா வையி. எண்ணெ தேச்சுக் குளி, ரொட்டியையே தின்னுக்கிட்டு இருக்காதே. ஏலக்காயும் பருப்புப் பொடியும் ராமர் மாமா மூலமா பார்சல்ல அனுப்பியிருக்கேன், வந்துச்சான்னு சொல்லு.

இன்னொண்ணு. ஊருக்கெல்லாம் வரன் பாக்குற, உன் மகனுக்கு எப்பன்னு எல்லாரும் கேக்குறாக. நீ பொறுன்னு சொன்னதால உன் பயோடேட்டாவை நான் இன்னும் தட்டக்கூட இல்ல. உன் மனசுல அங்கயோ இங்கயோ யாரும் இருந்தா, அம்மாகிட்ட நேராச் சொல்லிரு சாமி. நட்சத்திரம் கேக்க மாட்டேன், அவளுக்கு நம்ம சாப்பாடு புடிக்குமான்னு மட்டுந்தான் கேப்பேன். அப்பாவைச் சரிக்கட்டுறது என் பொறுப்பு.

மலையும் மழையும் உன்னைக் காக்கட்டும். நல்லா இரு, நெறஞ்சு இரு.

உன் பதிலுக்காக மெயிலைத் தெறந்து தெறந்து பாக்குற,
அம்மா,
அழகுமலை சந்திரவல்லி